மார்பில் எழுத்து போட்ட அணி

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்து, பிறகு அதை என் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது என்று சங்கடப்பட வேண்டாம் பாருங்கள். முட்டாள்தனங்கள் கைவசம் நிறைய இருக்கின்றன. அதில் பொறுக்கி எடுத்த ஒன்று இது: கூடைப்பந்துப் போட்டிக்கு என்று ஒரு பள்ளிக்கூடத்துப் பையன்களை ஒரு தவணை முழுக்கப் பழக்கினேன். வெயிலில் நிறுத்தி, வியர்க்க வியர்க்க, கழுத்தில் விசில் எல்லாம் கட்டிக்கொண்டு. நான் சொல்லிக்கொடுத்தது மட்டும் கூடைப்பந்து இல்லை. அது வேறு ஆட்டம்.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும் இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. உங்கள் கையிலும் ஒரு புறப்பாடத்தைக் கட்டாயம் திணிப்பார்கள். நீங்கள் கணக்குப் படித்தவரா, தமிழ் படித்தவரா என்றெல்லாம் மைதானம் கேட்காது. வாழ்க்கையில் தொட்டே பார்த்திராத ஒரு மட்டையோ பந்தோ திங்கட்கிழமை காலையில் உங்கள் மேசைமேல் உட்கார்ந்திருக்கும். அன்றைக்கு என்னை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறுதலாக இருக்கும்.

எண்பதுகளில் நடந்தது. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்புகளை ஒட்டி ஒரு சின்னச் சபை பள்ளிக்கூடம் ஒன்றை நடத்திவந்தது. கீழே ஆராதனைக் கூடம், மேலே வகுப்புகள். மூன்றாம் படிவத்து எஸ்.ஆர்.பி. அரசாங்கச் சோதனையில் கோட்டைவிட்டு, அரசாங்கப் பள்ளியில் இடமில்லாமல் போன பிள்ளைகள்தான் பெரும்பாலும் அங்கே வருவார்கள். வீட்டில் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் காலையில் எல்லாரும் ஜெபத்துக்கு வரிசையில் நிற்பார்கள். நான் அங்கே சரித்திர வாத்தியார். பக்கத்திலேயே ஒரு கடைக்கு மேலே வாடகை அறை. சன்னலைத் திறந்தால் ரயில்வே யார்டு. சனிக்கிழமை சாயங்காலம் முழுக்கப் பெட்டிகளைக் கோக்கிற சத்தம் டங் டங்கென்று கேட்டுக்கொண்டிருக்கும். ரயில் பெட்டிக்குக்கூட இன்னொரு பெட்டி கிடைத்துவிடுகிறதே என்று எனக்கு நானே சொல்லிச் சிரித்துக்கொள்வேன். சிரிக்க வேறு ஆள் கிடையாது.

பள்ளியின் தலைமையாசிரியை கல்யாணம் செய்துகொள்ளாதவர். பிள்ளைகளுக்கும் மிஸ்தான், எங்களுக்கும் மிஸ்தான். ஒருநாள் ஆசிரியர் கூட்டத்தில், தனியார் பள்ளிகளுக்குள் கூடைப்பந்துப் போட்டி நடக்கிறது, நம் பையன்களும் சேர ஆசைப்படுகிறார்கள், யாருக்காவது இந்த ஆட்டம் தெரியுமா என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன்.

ஏன் தூக்கினேன் என்பதற்குப் பயிற்சிக் கல்லூரிக்குப் போக வேண்டும். அங்கே பெண் பயிற்சி ஆசிரியர்கள் சாயங்காலத்தில் பந்து விளையாடுவார்கள். அதில் ஒருத்தியைப் பார்ப்பதற்காகவே தினமும் ஆடுகளத்தோரம் போய் உட்கார்ந்திருப்பேன். அவள் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. பார்க்காத நேரத்தில் நான் என்ன செய்வது? ஆட்டத்தைப் பார்த்தேன். விதிகள் எல்லாம் மனப்பாடமாகிவிட்டன. படிப்பு முடிந்த அன்று அவளாக என்னிடம் நடந்து வந்தாள். கையில் கல்யாணப் பத்திரிகை. மாப்பிள்ளைக்கு ஊர் ஈப்போ. ஆக, எனக்கு மிஞ்சியது அந்த ஆட்டம்தான்.

அது வலைப்பந்து. நெட்பால். ஆனால் எங்கள் வீட்டில் வளையத்துக்குள் பந்தைப் போட்டால் அது கூடைப்பந்து, அவ்வளவுதான். நெட்பால், பாஸ்கட்பால் என்று இங்கிலீஷில் இரண்டு பெயர் இருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஃபுட்பாலை அமெரிக்காக்காரன் சாக்கர் என்கிறான் இல்லையா, அதுபோல ஒரே ஆட்டத்துக்கு இரண்டு பெயர் என்று நினைத்திருந்தேன். நான் சரித்திர வாத்தியார் என்பதை மறந்துவிடாதீர்கள். உலகப் போர்கள் இரண்டும் எனக்குத் தனித்தனியாகத் தெரியும்.

மிஸ் சந்தோஷப்பட்டார். கூட்டத்துக்கு வந்திருந்த சபைப் பெரியவர் சந்தோஷப்படவில்லை. பள்ளிக் குழுவுக்கு அவர்தான் தலைவர். கெட்ட மனிதர் இல்லை. இந்தப் பிள்ளைகள் எதைத் தொட்டாலும் பாதியில் விட்டுவிடுவார்கள் என்று உறுதியாக நம்பியவர். அதற்கு அவரிடம் உதாரணங்களும் இருந்தன. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார்.

"ஒரு சீசன் ஆடிப் பாக்கட்டும். ஆனா ஒரே ஒரு ஆட்டத்தைப் பாதியில விட்டுட்டு வந்தாலும் சரி, பந்தைப் பூட்டி வெச்சிருவோம். அதோட பேச்சே இருக்கக் கூடாது."

மிஸ் என்னைப் பார்த்தார். நான் வீரமாகத் தலையாட்டினேன். ஜெயிப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கும் அதைப் பற்றிக் கவலையில்லை. சனிக்கிழமை சாயங்காலங்களுக்குப் போக ஓர் இடம் கிடைத்திருந்தது. அது பறிபோகக் கூடாது, அதுதான் எனக்கு.

நெட்பாலுக்கு ஏழு பேர் வேண்டும். ஆறு பேர் தாமாகவே வந்தார்கள். அவர்களுக்குத் தலைவன் டோஸ். பள்ளியிலேயே உயரமானவன், வாய் மூடாதவன், வாத்தியாரைக் கிண்டல் செய்தாலும் 'சார்' சேர்த்தே செய்யும் மரியாதைக்காரன். ஏழாவது ஆளுக்காக நான் வெய் லியோங்கைக் கூப்பிட்டேன். பள்ளியில் இருந்த ஒரே சீனப் பையன். ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து பஸ் மாறி வருவான். வேறெங்கும் எடுக்கவில்லை, இங்கே எடுத்தார்கள். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. இடைவேளையில் மாடிப்படிக்குக் கீழே சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவான். நானும் ஆசிரியர் அறையில் தனியாகத்தான் சாப்பிடுவேன். ஆனால் எனக்குப் பார்ப்பதற்குச் சுவரில் ஒரு கடிகாரமாவது இருந்தது.

அவனைச் சேர்த்தபோது டோஸ் முனகினான். அவனுக்குத் தமிழே தெரியாதே சார் என்றான். பந்துக்கும் தெரியாது, போய் நில்லு என்றேன்.

சபை வளாகத்தில் கார் நிறுத்தும் இடத்தில் ஒரு கம்பம் நட்டு வளையம் மாட்டினோம். பந்தைப் பிடித்தால் நின்றுவிட வேண்டும். கால் நகரக் கூடாது. மூன்று எண்ணுவதற்குள் இன்னொருவனுக்குக் கொடுத்துவிட வேண்டும். எதிராளியின் மேல் மூச்சுக்காற்றுகூடப் படாத தூரத்தில் நிற்க வேண்டும். இவ்வளவுதான் வேதம். முதல் நாள் பந்து வெய் லியோங் கைக்குப் போனது. அவன் அதைத் தரையில் ஒரு தட்டு தட்டினான். நான் விசிலை ஊதிக்கொண்டு ஓடினேன். பந்தைத் தரையில் தட்டவே கூடாது என்று மலாயில் விளக்கினேன். அவன் என்னைப் பார்த்தான். பந்தைப் பார்த்தான். வளையத்தைப் பார்த்தான். சரி என்று தலையாட்டினான். பையன் கொஞ்சம் மந்தம் போலிருக்கிறது என்று நான் முடிவுகட்டினேன். இத்தனை வருஷம் பிள்ளைகளின் முகத்தைப் படித்துத்தான் சம்பளம் வாங்கினேன் என்பதை இங்கே கவனிக்கவும்.

நெட்பாலில் சட்டையில் எண் இருக்காது, எழுத்து இருக்கும். யார் எந்த இடத்தில் நிற்பது என்பதற்கு அடையாளம். மிஸ் அந்த எழுத்துகளைத் துணியில் வெட்டித் தன் கையாலேயே தைத்துக் கொடுத்தார். வெய் லியோங்குக்கு W என்று ஆரம்பிக்கும் இடம் வந்தது. தன் பெயரின் முதலெழுத்து என்றே நான் தைக்கச் சொன்னதாக நினைத்துக்கொண்டான். அந்தப் பள்ளியில் அவன் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் மறுத்துச் சொல்லவில்லை.

முதல் ஆட்டம் சாலாக் செலாத்தானில், ஒரு பெரிய பள்ளியின் ஆடுகளத்தில். இரண்டு பக்கமும் கூட்டம். அப்பாமார்கள் கம்பி வேலியில் காப்பிப் பொட்டலத்தைக் கட்டித் தொங்கவிட்டு நின்றார்கள். வளையத்துக்குப் பின்னால் ஒரு பெரிய பலகை இருந்தது. ஏதோ ரிப்பேர் வேலை பாதியில் நிற்கிறது, பாவம், பந்தைக் குறிபார்க்க இடைஞ்சலாக இருக்குமே என்று என் பையன்களிடம் சொன்னேன்.

நடுவர் வெள்ளைக் கேன்வாஸ் காலணி போட்ட சீனர். நடுத்தர வயது, முகத்தில் எதுவும் தெரியாது. கோட்டுக்குள் நின்ற என் ஏழு பேரையும் எண்ணினார். ஐந்து விரலைக் காட்டினார். ஏன் எங்களுக்கு மட்டும் ஐந்து என்று சண்டைக்குப் போகலாம் என்று பார்த்தால், எதிரணியிலும் ஐந்து பேர்தான். சரி, இடப் பற்றாக்குறை போலும் என்று இரண்டு பேரை உட்கார வைத்தேன். பிறகு அவர் சட்டைகளைப் பார்த்தார். எண் எங்கே என்று கேட்டார். எழுத்து இருக்கிறது என்றேன். நீண்ட நேரம் அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஆட்டத்தை ஆரம்பித்தார்.

எதிரணிப் பையன் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடினான். என் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் நின்ற இடத்தில் நின்று, கையைத் தூக்கி, 'ஃபவுல்' என்றார்கள். நான் சொல்லிக்கொடுத்தபடியே. அவன் நிதானமாகப் போய்ப் பந்தைப் போட்டுவிட்டு வந்தான். நான் கோட்டுக்குள் ஓடி, பந்தோடு ஓடுகிறான், கண் தெரியவில்லையா என்று நடுவரிடம் கத்தினேன். அவர் ஆட்டத்தை நிறுத்தி என் பக்கத்தில் வந்தார். கூட்டத்துக்குக் கேட்காத குரலில் மலாயில் சொன்னார்.

"சிக்கு, இது பாஸ்கட்பால்."

சிக்கு என்றால் மலாயில் வாத்தியார். அன்றைக்கு எனக்குத் தமிழ் அர்த்தமே பொருத்தமாக இருந்தது.

எத்தனைக்கு எத்தனை என்று கேட்காதீர்கள். எங்கள் கணக்கைச் சொல்ல ஒரு கை விரல்களே ஜாஸ்தி. பாதியில் கூட்டிக்கொண்டு ஓடிவிடலாமா என்று இருந்தது. பெரியவரின் நிபந்தனை ஞாபகம் வந்தது. உட்கார்ந்திருந்தேன். ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது வேலியோரம் நின்ற பயல் ஒருவன், இது பெண்பிள்ளைகள் ஆட்டமாச்சே என்று கத்தினான். பஸ்ஸில் ஒருவனும் பேசவில்லை. டோஸ்கூட.

உங்களுக்கு உபயோகப்படும் இடம் இது. ஏதாவது சமாளிக்கலாமா என்று பஸ்ஸில் யோசித்தேன். சமாளிக்க எனக்கு நன்றாக வரும். புது விதி, வெளிநாட்டு விதி, நடுவர் கட்சி மாறிவிட்டார் என்று மூன்று கதைகள் தயாராகிவிட்டன. ஆனால் நாளைக் காலையில் வேறு யாராவது இவர்களிடம் உண்மையைச் சொல்வார்கள். அப்புறம் இவர்களோடு நிற்க எனக்கு இடம் இருக்காது. அதனால் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, டேய், நான் உங்களுக்கு வேற ஆட்டத்தைச் சொல்லிக்குடுத்துட்டேன் என்றேன்.

டோஸ்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"சரித்திரமாச்சும் சரியான சரித்திரந்தானா சார்?"

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டரும் சிரித்தார். வெய் லியோங் மட்டும் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். தமிழ் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். என் தப்பைப் பிள்ளைகள் வாயிலிருந்து கேட்க நேர்ந்தால் அது இப்படிச் சிரிப்போடு வரட்டும் என்று அன்றிலிருந்து வேண்டிக்கொள்கிறேன். உங்களுக்கும் சேர்த்துத்தான்.

சிரித்தாலும் இரண்டு பேர் மறுவாரம் வரவில்லை. அந்தப் பயல் கத்தியது அவர்கள் வீட்டுத் தெருவரைக்கும் வந்துவிட்டது. நான் மிஸ்ஸிடம் போனேன். எனக்கு இந்த ஆட்டம் தெரியாது, தெரியும் என்று நினைத்தது தப்பு, வேறு யாரையாவது போடுங்கள் என்றேன். அவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"உங்களுக்கு ஆட்டம் தெரியும்னு நான் எப்ப சொன்னேன்? அன்னைக்குக் கை தூக்கினது நீங்க ஒருத்தர்தான்."

தாளில் மதிப்பெண்ணைப் போட்டுவிட்டுக் கேட்டார்.

"எத்தனை பேர் மிச்சம்?"

"அஞ்சு, மிஸ்."

"அஞ்சு பேர்தானே வேணும்?" என்று அடுத்த தாளை எடுத்தார்.

என் பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்த பயிற்சிகளிலேயே சின்னது அதுதான். அவரும் சாயங்காலம் அந்தக் கட்டடத்தைவிட்டுக் கடைசியாகப் போகிறவர் என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

பிறகு எல்லாவற்றையும் தலைகீழாகப் போட்டோம். பந்தைத் தட்டலாம் என்றேன். தட்டினார்கள். காலில் பட்டு ஓடியது. எதிராளியிடம் நெருங்கலாம் என்றேன். இத்தனை நாள் தள்ளி நிறுத்தப்பட்டவர்கள் அல்லவா, போய்க் கட்டிப்பிடித்தே விட்டார்கள். ஃபவுலுக்குமேல் ஃபவுல். ஒன்று மட்டும் போகவில்லை: கைக்கு வந்த பந்தை மூன்று எண்ணுவதற்குள் இன்னொருவனுக்குக் கொடுக்கும் பழக்கம். அது ஊறிவிட்டது. எதிரணிகளுக்கு முதலில் சிரிப்பாக இருந்தது, அப்புறம் கொஞ்சம் தலைசுற்றியது. எல்லா ஆட்டமும் தோற்றோம். ஆனால் தோற்கிற தோல்வி வாரத்துக்கு வாரம் கொஞ்சம் மரியாதையாக ஆனது. சட்டைகளில் எழுத்தைப் பிரித்துவிட்டு எண் ஒட்டினார் மிஸ். வெய் லியோங் மட்டும் தன் W-வைப் பிரிக்க விடவில்லை. முதுகில் எண், மார்பில் எழுத்தோடு ஆடினான்.

எங்களைப் பார்க்க ஒருவரும் வந்ததில்லை. பெற்றோர்களுக்குச் சனிக்கிழமையும் வேலை நாள். மற்ற அணிகளின் பக்கம் அக்கா, தங்கை, மாமா, கைக்குழந்தை என்று நிறைந்திருக்கும். எங்கள் பக்கம் ஒரு நீளப் பலகையில் நான் மட்டும். வெறும் பலகை பையன்கள் கண்ணில் படக் கூடாது என்று ஒரு முனையில் என் குடையை வைப்பேன். நடுவில் சாப்பாட்டுப் பை. அந்தப் பக்கம் அவர்கள் காலணிகள். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ எழுந்து தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறார்கள் போல இருக்கும். கைதட்டினால் என் கை ஒன்றின் சத்தம் மட்டும் தனியாகக் கேட்கும், அதனால் எதிரணிக்காரர்கள் தட்டும்போதே நானும் சேர்ந்து தட்டிவிடுவேன். பழக்கம் இன்னும் போகவில்லை. இப்போது பூச்சோங் கிளினிக்கில் மாத்திரைக்குக் காத்திருக்கும்போதும் குடையைப் பக்கத்து நாற்காலியில்தான் வைக்கிறேன். யாராவது வருகிறார்களா அங்கிள் என்று நர்ஸ் கேட்கும். வருவார்கள் என்பேன்.

இதற்கிடையில் ஒருநாள் இடைவேளையில் பார்த்தால், மாடிப்படிக்குக் கீழே ஐந்து பேர் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரே பொட்டலத்தில் கைவைத்துக்கொண்டிருந்தார்கள். டோஸ் வெய் லியோங்குக்குத் தமிழ் கற்றுக்கொடுத்திருந்தான். முதலில் என்னென்ன வார்த்தைகளைக் கற்றுக்கொடுத்தான் என்பதை இங்கே எழுத முடியாது. அப்புறம் மச்சான், வாடா, இங்க, பாஸ் என்று நல்ல வார்த்தைகளும் வந்தன. நான் ஆசிரியர் அறைக்குத் திரும்பிப் போனேன். கடிகாரம் காத்திருந்தது.

கடைசி ஆட்டம் கிள்ளானில். மதிய வெயில். நான் குடையை வைத்துவிட்டு நிமிர்ந்தால், சபைப் பெரியவர் வெள்ளைச் சட்டையில் நடந்து வருகிறார். பலகையில் இருந்த குடையை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தார். ஒரு சீசன் முழுக்க நான் பிடித்துவைத்திருந்த இடத்துக்கு ஆள் வந்தது, பந்தைப் பூட்டுவதற்கு.

"முடிச்சிருவாங்களா?" என்றார்.

"முடிப்பாங்க பெரியவரே" என்றேன்.

கூடைப்பந்தில் ஒருவன் ஐந்து ஃபவுல் செய்தால் வெளியே வந்துவிட வேண்டும். மாற்று ஆள் இருந்தால் உள்ளே போவான். எங்களுக்கு ஏது மாற்று ஆள்? எதிரணி வேகமான அணி. என் கட்டிப்பிடி வீரர்கள் வெயிலில் களைத்துப்போய் இன்னும் அதிகமாகக் கட்டிப்பிடித்தார்கள். இரண்டாம் பாதியில் ஒருவன் வெளியே வந்தான். கொஞ்ச நேரத்தில் இன்னொருவன். பிறகு மூன்றாமவன், அழுதுகொண்டே. மூன்று பேரும் பலகையில் வந்து உட்கார, என் பக்கம் முதல்முறையாகக் கூட்டமாகிவிட்டது. கோட்டுக்குள் டோஸும் வெய் லியோங்கும் மட்டும் நின்றார்கள்.

நடுவர் என்னிடம் வந்தார். சாலாக் செலாத்தானில் பார்த்த அதே வெள்ளைக் காலணிக்காரர். இரண்டு பேர் இருக்கும்வரை ஆட்டம் நடக்கும், ஒருவன் ஆகிவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுவோம் என்றார். டோஸைக் கண்ணால் காட்டினார். டோஸ் கணக்கில் ஏற்கெனவே நான்கு ஃபவுல். இன்னொன்று என்றால் ஆட்டம் பாதியில் நிற்கும். பெரியவர் காதில் எல்லாம் விழுந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நான் இடைநிறுத்தம் கேட்டேன். இரண்டு பேரும் வந்தார்கள். எனக்கு வழி தெளிவாகத் தெரிந்தது, அதனால்தான் அதை உங்களுக்குச் சொல்கிறேன். டோஸ், நீ நம்ம வளையத்துக்குப் பின்னால போய்க் கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு நில்லு, யாரு வந்தாலும் தொடாத, மூச்சு விடாத என்றேன். எதிரணி பாட்டுக்கு வந்து பந்தைப் போட்டுக்கொண்டு போகட்டும். மணி ஓடிவிடும். ஆட்டம் முடிந்துவிடும். பந்து பிழைக்கும்.

டோஸ் முதல்முறையாக ஒரு கிண்டலும் செய்யாமல் சரி சார் என்றான். வகுப்பில் தண்டனைக்கு நிற்பதுபோல அப்போதே கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். வெய் லியோங் என் முகத்தைப் பார்த்தான். என்னிடம் அதுவரை அவன் தமிழில் பேசியதில்லை.

"சார், அவன் அங்க நின்னா நான் யாருக்கு பாஸ்?"

உனக்கென்ன, நீ தனியாக ஆடு என்று சொல்ல வாய் வந்தது. 'தனியாக' என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். அந்தச் சின்ன நேரத்தில் எதை எடைபோட்டேன் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். பந்தைப் பூட்டிவிட்டால் இவர்களுக்கு ஓர் ஆட்டம் போகும். எனக்குச் சனிக்கிழமை போகும். மறுபடி சன்னல், மறுபடி டங் டங். அதற்குப் பயந்துதான் டோஸின் கையைக் கட்டச் சொல்லிக்கொண்டிருந்தேன், பள்ளிக்காகவோ பெரியவருக்காகவோ இல்லை. நெருக்கடியில் ஒரு முடிவு ரொம்பத் தெளிவாகத் தெரிந்தால் கொஞ்சம் நில்லுங்கள் தம்பிகளே. அது யாருக்கு வசதி என்று பாருங்கள்.

"கையை எடுடா" என்றேன் டோஸிடம். "போய் ஆடு. முட்டாம ஆடு. முட்டினா முட்டினதுதான்."

பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்ததை நான் பார்க்கவில்லை என்பதுபோல் இருந்தேன்.

அவர்கள் ஐந்து பேர், இவர்கள் இரண்டு பேர். பந்து வந்தது, போனது. எங்கள் வளையத்தில் விழுந்துகொண்டே இருந்தது. ஒருமுறை டோஸும் ஒரு பையனும் ஒன்றாக உருண்டார்கள். விசில் கேட்டது. பலகையில் இருந்த அத்தனை பேரும் எழுந்துவிட்டோம். நடுவர் கையை நீட்டினார்: பந்து வெளியே போயிருக்கிறது, அவ்வளவுதான். நான் உட்காரும்போது குடைமேல் உட்கார்ந்தேன்.

அப்புறம் நடந்தது எனக்கு இன்றைக்கும் விளங்காத வேகம். வெய் லியோங் பந்தை வாங்கினான். தட்டினான். ஒருவனைத் தாண்டினான். பந்து அவன் கால்களுக்கு நடுவில் போய் மறு கையில் வந்தது. இன்னொருவனைத் தாண்டினான். முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மூன்றாமவனை நிற்கவைத்தான். ஒரு சீசன் முழுக்க அந்தப் பையன் இப்படி ஒரு தட்டு தட்டி நான் பார்த்ததில்லை. எங்கள் பலகை வாயைப் பிளந்தது. வளையத்துக்கு நேர் கீழே போய்விட்டான். எதிரே ஒருத்தனும் இல்லை. கையைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

டோஸுக்குப் பாஸ் கொடுத்தான்.

டோஸ் பந்தைப் பிடித்ததும் நின்றுவிட்டான். இரண்டு காலையும் ஒட்டி வைத்து, முழங்கையை மடக்கி, நெட்பால் ஆடும் பெண்பிள்ளை மாதிரி பொறுமையாகக் குறிபார்த்தான். நான் சொல்லிக்கொடுத்த அதே நிலை. போட்டான். வளையத்தில் பட்டு வெளியே வந்தது. வெய் லியோங் துள்ளி அதைப் பிடித்தான். மறுபடி டோஸுக்கே கொடுத்தான். மறுபடி பட்டுத் திரும்பியது. மறுபடி கொடுத்தான். வேலியோரம் நின்ற கூட்டம் முதலில் சிரித்தது. பிறகு சிரிப்பு நின்றுபோய், சீனத்தில் என்னவோ சொல்லிக் கத்தியது. டோஸ் காலை ஒட்டிவைத்து, நாக்கைக் கடித்து, மூன்றாம் தடவை குறிபார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைசி மணி அடித்தது. பந்து அவன் கையிலேயே இருந்தது.

பெரியவர் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "முடிச்சிட்டாங்க" என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தார். அடுத்த வருஷமும் அணி இருந்தது. அதற்கடுத்த வருஷமும். அப்போது நான் விதிகளைப் படித்துவிட்டிருந்தேன் என்பதால் அந்தக் கதைகளில் சுவாரஸ்யம் இல்லை.

திரும்பும் பஸ்ஸில், கிள்ளானை விட்டு ஹைவே ஏறுமுன்பே டோஸும் மற்றவர்களும் ஒருவன் தோளில் ஒருவன் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். வெய் லியோங் சன்னலோரம் விழித்திருந்தான். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பாதி மலாயும் பாதித் தமிழுமாகக் கேட்டேன். இதையெல்லாம் எங்கே கற்றாய்? வீட்டுக்குப் பக்கத்தில் பாஸ்கட்பால் கோட் இருக்கிறது என்றான். சின்ன வயதிலிருந்தே. யாரோடு? பெரிய பையன்கள் ஆடுவார்களாம். இவனைக் கூப்பிட மாட்டார்களாம். அவர்கள் வீட்டுக்குப் போனபிறகு இவன் இறங்குவானாம். தானே தட்டி, தானே எறிந்து, தானே ஓடிப்போய் எடுத்துவருவானாம்.

எனக்கு அந்த முதல் நாள் ஞாபகம் வந்தது. தரையில் ஒரு தட்டு. என் விசில். என்னையும் பந்தையும் வளையத்தையும் மாறி மாறிப் பார்த்த முகம்.

"அப்ப நான் தப்பான ஆட்டம் சொல்லிக்குடுக்குறேன்னு உனக்கு முதல் நாளே தெரியுமா?"

தெரியும் என்று தலையாட்டினான்.

"ஏழு சட்டை தைச்சப்ப?"

அதற்கும் தலையாட்டினான்.

"பின்ன ஏன்டா ஒரு வார்த்தை சொல்லல? ஒரு தவணை பூரா அந்தக் கூத்தை ஆடிக்கிட்டு இருந்தியே."

அவன் மார்பில் இருந்த W-வின் ஓரத்தில் பிரிந்து வந்திருந்த நூலை விரலால் உள்ளே தள்ளினான். மந்தமான பிள்ளைக்கு எடுத்துச் சொல்வதுபோல, நிதானமாகச் சொன்னான்.

"அந்த ஆட்டத்துல பந்து எனக்கும் வரும், சார்."